அருவிக் குரங்கை நீக்கியபோது வந்த எச்சரிக்கை

தென்காசி
9 ஜூன் 2025, திங்கள்

திரு. அகமது கபீர் அவர்களுக்கு,

உறையின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்த பிறகும் பிரித்திருக்கிறீர்கள் என்றால் நல்லது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஐந்து கிலோமீட்டர்தான். நேரில் வந்திருக்கலாம். ஆனால் பேசினால் நாளைக்கு நீங்கள் ஒன்று சொல்வீர்கள், நான் ஒன்று சொல்வேன். எழுதினால் எழுதியதுதான்.

நேற்று என் வீட்டுக் கணினியில் இடம் இல்லாமல் போய், பழைய விளையாட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதிய ‘அருவிக் குரங்கு’ம் அதில் ஒன்று. ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்த மறு நொடி, புதிதாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் கத்த ஆரம்பித்தது. திரை முழுக்கச் சிவப்பு. ‘ஆபத்தான நிரல் தடுக்கப்பட்டது’ என்று கோப்பின் பெயரோடு போட்டிருந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உள்ளே இருந்த என் மனைவி உமாராணி, “அந்தப் பொட்டி கத்துதது தெருவுக்கே கேக்குது, ஒண்ணு ஆஃப் பண்ணுங்க, இல்ல தூக்கிப் போடுங்க” என்றாள். எனக்கு ஆஃப் பண்ண மனம் வரவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நம் பள்ளி லேபில் இருபது கணினிகளும் இதே மாதிரிதான் கத்தின. செய்முறைத் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. பிள்ளைகளின் கோப்புகள் அத்தனையும் போயின. லேப் அசிஸ்டென்டாக இருந்த நீங்கள் உங்கள் விளையாட்டோடு வைரஸை ஏற்றிவிட்டீர்கள் என்று நான் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். நான் அநியாயம் செய்தேன் என்று குற்றாலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது வேறு கணினி, வேறு ஆன்டிவைரஸ். அதுவும் அதையேதான் சொல்கிறது.

இன்னொன்று. நம் லேபில் அந்த வேலைக்கு மறுபடி நீங்கள் மனு போட்டிருப்பது எனக்குத் தெரியும். செயலாளர் பாண்டிராஜ் என்னைக் கூப்பிட்டு, “பழைய பைல்ல ஒங்க கம்ப்ளெய்ன்ட் ஒண்ணு கெடக்கு சார். அத வச்சிக்கிட்டு நான் எப்படி இவர எடுக்கது? ஒங்க அபிப்பிராயத்த எழுதிக் குடுத்துருங்க” என்றார். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று பேச்சு வரக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

சிவனணைந்தபெருமாள்

*

குற்றாலம்
13 ஜூன் 2025

சார்,

வணக்கம். கடிதம் நேற்று வந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று நாள். நடந்து வந்திருந்தால் ஐந்தருவியில் குளித்துவிட்டே வந்திருக்கலாம்.

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் “ஏலே கபீரு”தான். வேலையை விட்டு அனுப்பினால் மரியாதை கூடும் என்று எனக்கு முன்னமே தெரியாமல் போய்விட்டது.

நான் குற்றாலம் முழுக்கச் சொல்லித் திரியவில்லை சார். என் மனைவியிடம் சொன்னேன். அவளும் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

ஆன்டிவைரஸ் விஷயம். அது எந்த வைரஸ் என்று பெயர் சொன்னதா? ‘ஜெனரிக்’, ‘சஸ்பீஷியஸ்’ என்று ஏதாவது போட்டிருக்கும். படம் எடுத்து வைத்திருக்கிறீர்களே, பாருங்கள். அதற்கு அர்த்தம், ‘இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நடத்தை பிடிக்கவில்லை’ என்பதுதான்.

விளையாட்டு ஓடும்போது அது கத்தாது. நீக்கும்போதுதான் கத்தும். காரணம் உண்டு. நீக்குகிற நிரல் முதலில் தன்னையே வேறொரு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து வந்து கோப்புகளை அழிக்கும். விண்டோஸின் பதிவேட்டில் கை வைக்கும். கடைசியில் தன்னையும் அழித்துக்கொண்டு போய்விடும். வைரஸும் இதையெல்லாம் செய்யும். வீடு காலி செய்கிறவனும் திருடனும் சாமானைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். தெருவில் நின்று பார்க்கிற கூர்காவுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? போதாததற்கு, ஒரே பிளாப்பியில் அடங்க வேண்டும் என்று நான் அந்த நிரலை அமுக்கிச் சுருட்டி வைத்திருந்தேன். மூட்டை கட்டிய சாமானைப் பார்த்தால் கூர்காவுக்கு இன்னும் சந்தேகம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்களிடம் வேறு பழைய விளையாட்டு இருக்கும், காசு கொடுத்து வாங்கியது. அதை நீக்கிப் பாருங்கள். பிறகு, ஒரு கோப்பைக் கொடுத்தால் அறுபது எழுபது ஆன்டிவைரஸ்களிடம் காட்டிச் சொல்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது. முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். குரங்கை அதில் ஏற்றுங்கள். வருவதை அப்படியே எழுதுங்கள்.

வேலைக்கு மனு போட்டது உண்மை. அருவியில் நனைந்த போன்களை உலர்த்திக் கொடுத்துத்தான் இத்தனை வருஷம் கடை ஓடியது. இப்போது வருகிற போன்கள் நனைந்தாலும் கெடுவதில்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. வேறு எதுவும் தெரியாது.

ஒன்று மட்டும் புரியவில்லை. வைரஸ் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த விளையாட்டு உங்கள் வீட்டுக் கணினிக்கு எப்படி வந்தது?

கபீர்

*

தென்காசி
18 ஜூன் 2025, புதன்

திரு. கபீர்,

சொன்னதைச் செய்தேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

சதுரங்க விளையாட்டு ஒன்று, கடையில் வாங்கிய சிடி. நீக்கியபோது ஆன்டிவைரஸ் சும்மா இருந்தது. கார்ப் பந்தயம் ஒன்று, அதுவும் வாங்கியது. அதற்குக் கத்தியது. அதே சிவப்பு, அதே வாசகம். உங்கள் குரங்கை அந்தத் தளத்தில் ஏற்றினேன். எழுபத்தொன்றில் நான்கு ‘சந்தேகம்’ என்றன. அறுபத்தேழு ‘ஒன்றுமில்லை’ என்றன. அந்த நான்கும் பெயர் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன ‘ஜெனரிக்’தான்.

சரி. குரங்கில் வைரஸ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு எனக்கு இது எப்படித் தெரியும்? இருபது கணினிகளும் ஒரே நேரத்தில் கத்தின. திங்கட்கிழமை வெளித் தேர்வாளர் வருகிறார். ஐம்பத்து நான்கு பிள்ளைகள். அந்தச் சூழலில் எந்த ஆசிரியனும் நான் செய்ததைத்தான் செய்திருப்பான். அந்த விளையாட்டை லேபில் ஏற்றியது நீங்கள். மவுஸ் பழகட்டும் என்று சொல்லி ஏற்றினீர்கள். அருவிக் கரையில் குரங்கு ஷாம்பு பாக்கெட்டைப் பிடுங்க வேண்டும், எண்ணெய் தேய்க்கிறவர் கையில் மாட்டினால் ஆட்டம் முடிந்தது. பிள்ளைகள் ரெக்கார்டு எழுதுவதை விட்டுவிட்டு அதையே ஆடினார்கள்.

நீங்கள் ஒருவர்தான் இழந்தீர்கள் என்று நினைக்க வேண்டாம். எம்.எஸ்ஸி., எம்.எட்., எம்.ஃபில். முடித்துவிட்டு இதே லேபில் இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் என் தலைக்கு மேலே தலைமையாசிரியர் ஆனார்கள். ஒருவர் செயலாளருக்குச் சொந்தம், இன்னொருவர் யாருக்குச் சொந்தம் என்று இன்றுவரை தெரியவில்லை. மே மாதம் நாற்காலி மறுபடி காலியானது. பொறுப்பு எனக்குத்தான் என்று பேச்சு. பேச்சுதான்.

போன வருஷம் சாரல் நாளில் பஸ்ஸில் போகும்போது உங்கள் கடையைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். ஒரு போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டீர்கள். நானும் முகத்தைத் திருப்பவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சிவனணைந்தபெருமாள்

*

குற்றாலம்
22 ஜூன் 2025, ஞாயிறு

சார்,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

பிள்ளைகளின் கோப்புகள் ‘போயின’ என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். தானாகப் போகவில்லை சார். அன்று வெள்ளிக்கிழமை, மூன்றாவது பீரியட். “ஏலே கபீரு, எக்ஸ்டர்னல் வந்து பாத்தாருன்னா மானம் போயிரும், எல்லா ஆட்டத்தையும் தூக்கிரு” என்று சொன்னீர்கள். நான் ஒரு கணினியில் நீக்கினேன், கத்தியது. அடுத்ததில் நீக்கினேன், அதுவும் கத்தியது. இருபதிலும் அப்படியே. நீங்கள் வந்து பார்த்தீர்கள். “எல்லாத்தையும் பார்மட் பண்ணு” என்றீர்கள்.

“சார், பார்மட் பண்ணாதீய. பிள்ளைக பைலு பூரா உள்ள கெடக்கு. ஒரு அர மணி நேரம் குடுங்க, காப்பி எடுத்துருதேன்.”

“வைரஸ் இருக்கதக் காப்பி எடுத்தா வைரஸும்லா கூட வரும்? ஒனக்குப் படிச்சுக் குடுக்கணுமோ?”

“டெக்ஸ்ட் பைல்ல அது வராது சார்.”

“நீ எம்.எஸ்ஸியா, நான் எம்.எஸ்ஸியாலே?”

நான் கை வைக்கவில்லை. சிடியைப் போட்டு ஒவ்வொரு கணினியாக நீங்களேதான் அழித்தீர்கள். வேர்த்துக் கொட்டியது உங்களுக்கு. என்னை வெளியே போகச் சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்து சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பன்னிரண்டு புரோகிராமையும் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. பியூன் மாடன் வீட்டில் போய்க் கொடுத்து, உங்களிடம் சேர்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைப் பார்த்துத்தான் அடிக்கச் செய்தீர்கள் என்று மாடன் சொன்னான். அது யாருடைய நோட்டு என்று பிள்ளைகளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “சாரு ஒண்ணும் சொல்லலண்ணே” என்றான்.

என்னை நீக்கிய உத்தரவு வந்த அடுத்த வாரம் சம்பளப் பாக்கியைப் பற்றிக் கேட்க ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். வேதியியல் சாம் சார், “பாய் வச்சிட்டுல்லா போயிட்டாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பேப்பரை எடுத்து விரித்துப் படிக்க ஆரம்பித்தீர்கள். வைரஸ் என்று நீங்கள் புகார் எழுதினீர்கள், சார். அங்கே இருந்தவர்களுக்கு நான் வைத்தது வைரஸ் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு தென்காசியில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் எனக்கு முன்னால் அந்தச் சிரிப்பு போய் நின்றது.

எனக்கு உங்கள் வருத்தம் வேண்டாம். ஒரு தாள் வேண்டும். அந்தப் புகார் தவறு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, செயலாளர் கையில்.

மறுபடி கேட்கிறேன். என் குரங்கு உங்கள் வீட்டில் என்ன செய்கிறது?

கபீர்

*

தென்காசி
28 ஜூன் 2025, சனி

கபீர்,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் நான் நல்லவனாக இருந்தேன். மூன்றாவதில் நீங்கள் கெட்டவராக இருந்தீர்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அந்த வருஷம் பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி புகாரைக் கொடுத்தேன். பெற்றோர் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார்கள். பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டிய கோப்பெல்லாம் எங்கே என்று அப்போதைய செயலாளர் கேட்டார். யாரோ ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். என் பெயரை நான் சொல்லவில்லை.

பதினைந்தாம் தேதி ஆன்டிவைரஸ் கம்பெனியிலிருந்து புதுப்பிப்பு வந்தது. லேபில் போட்டேன். என் மேஜையில் உங்கள் பிளாப்பி கிடந்தது. சாட்சிக்காக எடுத்து வைத்தது. அதைச் சொருகி, விளையாட்டை ஏற்றி, மறுபடி நீக்கினேன். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை செய்தேன். வரவில்லை. தவறாகக் கண்டுபிடித்ததை அவர்களே திருத்திவிட்டார்கள். அன்றைக்கு உங்களை நீக்கும் உத்தரவு தட்டச்சுக்கூட ஆகவில்லை. மார்ச் முதல் வாரத்தில்தான் அது வந்தது. இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. தினமும் செயலாளர் அறை வாசலைத் தாண்டித்தான் லேபுக்குப் போனேன். ஒரு நாள்கூட உள்ளே நுழையவில்லை. போய்ச் சொன்னால், அப்படியானால் கோப்புகளை அழித்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

பிளாப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் என் சொந்தக் கணினியில் ஏற்றினேன். மவுஸைத் தட்டினால் குரங்கு குதிக்கும். அதற்கு மேல் எதுவும் யோசிக்கத் தேவையில்லாத விளையாட்டு. பல வருஷம் ஆடியிருக்கிறேன். கணினி மாற்றியபோதெல்லாம் பிரதி எடுத்து வைத்தேன்.

இந்த மாதம் எட்டாம் தேதி அது மறுபடி கத்தியபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. நான் பொய்யன் இல்லை என்று ஒரு இயந்திரமாவது சொல்கிறதே என்று. அந்த நிம்மதியில்தான் மறுநாளே உங்களுக்கு எழுதினேன். அவசரத்தில், அந்த விளையாட்டு என் வீட்டில் இருந்தது என்பதையும் எழுதிவிட்டேன். நீங்கள் கேட்ட பிறகுதான் நான் என்ன எழுதினேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

நேற்று செயலாளரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். புகார் பொய், கணினிகளை அழித்தது நான், தெரிந்த பிறகும் திரும்பப் பெறவில்லை. மூன்றையும் எழுதியிருக்கிறேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இப்ப எதுக்கு சார் இதெல்லாம் கிண்டுதீய? ‘எனக்கு ஆட்சேபணை இல்ல’ன்னு ஒரு வரி எழுதுனா முடிஞ்சுபோகும்லா?”

“முடியாது சார்.”

“பொறுப்பு ஹெச்.எம். உத்தரவுல ஒங்க பேரப் போட்டு வச்சிருக்கேன். இதப் பைல்ல சேத்தா நான் அதுல எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?”

“சேருங்க” என்றேன். கிழித்துப் போடுவாரோ என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கிழித்துவிட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் துளை போட்டு நூலில் கோத்தார்.

வீட்டில் சொன்னேன். “பதினெட்டு வருசமா இதத்தான் மூஞ்சில வச்சுக்கிட்டுத் திரிஞ்சீயளா?” என்று கேட்டுவிட்டு உமாராணி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மன்னிப்பு என்று எழுதவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

சிவனணைந்தபெருமாள்

*

குற்றாலம்
2 ஜூலை 2025, புதன்

சார்,

நேற்று பள்ளியிலிருந்து ஆள் வந்தது. உத்தரவு கையில் இருக்கிறது. திங்கட்கிழமை ஏழாம் தேதி சேர வேண்டும். பொறுப்பு உங்களுக்கு இல்லை, சாம் சாருக்கு என்று வந்தவர் சொன்னார்.

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் கொடுத்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ‘சத்தம் வரவில்லை’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “பதினஞ்சாந் தேதியே தெரியுமா அவருக்கு?” என்றாள். உங்களுக்குத் தெரியாது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன் சார். அவசரக்காரர், முன்கோபி, தெரியாமல் செய்துவிட்டார் என்று. அதை வைத்துத்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

இருந்தாலும் எழுதினீர்கள். எழுதாமலே இருந்திருக்கலாம். நாற்காலியும் வந்திருக்கும்.

வேலைக்கு வருகிறேன். ஆனால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. உங்கள் தாள் பைலில் இருக்கிறது. பைலை யாரும் படிக்கப் போவதில்லை. அந்தச் சிரிப்பு பைலில் நடக்கவில்லை, ஸ்டாஃப் ரூமில் நடந்தது. அன்று சிரித்தவர்களில் ஆறேழு பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், ‘நம்ம பழைய ஆளு, திரும்ப வந்துட்டாரு’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று சொல்லுங்கள். நான் அங்கே நிற்கும்போதே சொல்லுங்கள்.

முடியாது என்றால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் வரவில்லை. கடையில் இந்த சீசன் ஓடும். அடுத்த சீசனைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

லேபில் உங்களை சார் என்றுதான் கூப்பிடுவேன். சொன்ன வேலையைச் செய்வேன். டீ குடிக்கக் கூப்பிடாதீர்கள். கொஞ்ச நாளைக்காவது.

கபீர்

*

தென்காசி
6 ஜூலை 2025, ஞாயிறு

கபீர்,

இன்று தபால் எடுக்க மாட்டார்கள். நாளை எடுப்பார்கள், எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் உங்கள் கைக்கு வராது. அதனால் நீங்கள் கேட்ட அந்த ‘முடியாது’ இது இல்லை.

நாளை காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பேன். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். உமாராணி முன்னால் ஒரு முறை சொன்னேன். பாதியில் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். “வெளக்கம் சொல்லாதீய, சொல்ல வேண்டியத மட்டும் சொல்லுங்க” என்றாள். எனக்கு என்னைப் பற்றித் தெரியும். சாம் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, “என்ன பெருமாள் சார், ரொம்ப சீரியஸா இருக்கீங்க?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இடத்தில் நான் மறுபடி பேப்பரை விரித்துவிடக்கூடும்.

இதை நீங்கள் படிக்கும்போது நான் சொல்லியிருப்பேன், அல்லது சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சொல்லவில்லை என்றால், கீழே இருப்பதை மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு எடுத்துக்கொண்டு போய், நான் உட்கார்ந்திருக்கும்போதே நீங்கள் படியுங்கள். நான் எழுந்து போக மாட்டேன்.

“2007 பிப்ரவரியில் நம் லேபில் வைரஸ் எதுவும் இல்லை. ஆன்டிவைரஸ் தவறாகச் சொன்னது. காப்பி எடுக்கலாம் என்று அகமது கபீர் சொன்னார். நான் கேட்காமல் இருபது கணினிகளையும் அழித்தேன். அவர் எழுதி அனுப்பிய நோட்டைப் பார்த்து அடித்துத்தான் பிள்ளைகள் தேர்வுக்குப் போனார்கள். புகார் கொடுத்த மூன்றாம் நாளே அவர்மேல் தவறு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. நீங்கள் சிரித்தபோதும் சொல்லவில்லை.

சிவனணைந்தபெருமாள், கணினி ஆசிரியர்.”